அத்தி இலை கசந்த கோடை

அந்தக் காலத்துல, காட்டுல இருக்கற அத்தனை உசுரும் பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பேச்சை முதல்ல நிறுத்தினது யாருன்னு தெரியல. கடைசியா நிறுத்தினது கோணவாலனாத்தான் இருக்கும். அவன் ஒரு கருமூஞ்சி மந்தி. தூக்கத்துலகூடப் பக்கத்துல படுத்திருக்கறவனுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருப்பான்.

அப்பல்லாம் மந்திங்க சாப்பாட்டுல ரொம்பக் கெட்டி. இலை, காம்பு, நரம்பு எதையும் மிச்சம் வைக்காது. அதுங்க தின்ன மரத்தடி பெருக்கின வாசல் மாதிரி இருக்கும்.

ஒரு வருசம் மாயாத்துப் பக்கம் மழையே வரல. புல்லு கருகி, மூங்கில் காஞ்சு, காடே அப்பளமா நொறுங்குச்சு. ஆத்தோரம் நின்ன ஒரே ஒரு அத்திமரம்தான் பச்சை. மந்திக்கூட்டம் மொத்தமும் அதுலதான். கூட்டத்துத் தலைவர் பெரிய கடுவன் கறாரா சொல்லிட்டாரு: "ஒரு இலை கீழ போனாலும் போட்டவனை ஒதுக்கி வச்சுருவேன்."

அந்த மரத்தடிக்குத்தான் செம்பி வந்து நின்னா. செம்பி ஒரு புள்ளிமான். குட்டி போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆச்சு. குட்டி மடியை முட்டி முட்டிப் பாத்துட்டு, பால் வராம அவ காலடியிலயே படுத்துக்கும். முட்டறதுக்கும் தெம்பு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

மேல இருந்து பாத்த கோணவாலனுக்கு வாயில இருந்த இலை உள்ள எறங்கல.

"அக்கா, ரெண்டு கொப்பு ஒடிச்சுப் போடட்டா?"

"வேண்டாம். எங்க வம்சத்துல யாரும் அடுத்தவங்ககிட்ட கேட்டுத் தின்னதில்ல."

"நீ எங்க கேட்ட? நான்தான கேக்கறேன்."

"உன் வேலையப் பாருடா." செம்பி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. குட்டி தலையைக்கூடத் தூக்கல.

கோணவாலன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சான். கடுவன் எங்க இருக்காருன்னு ஒரு பார்வை பாத்துக்கிட்டான். அப்புறம் தளதளன்னு ஒரு கொப்பை ஒடிச்சு, நுனியில ஒரே ஒரு கடி கடிச்சான். "தூ, என்னா கசப்பு"ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டு மிச்சத்தைக் கீழ விட்டான்.

கொப்பு செம்பியோட முன்னங்காலுகிட்ட விழுந்துச்சு.

"வீணாக்கறான் பாரு"ன்னா செம்பி. அக்கம்பக்கம் பாத்தா. "மண்ணுல கெடந்து காயறதுக்கு நாமளாவது தின்னு வைப்போம்."

"தின்னா தின்னுக்க. எனக்கென்ன"ன்னு அவன் அடுத்த கொப்புக்குத் தாவினான்.

அதுக்கப்புறம் அவன் தொட்டதெல்லாம் கசந்துச்சு. ஒண்ணு கசப்பு, ஒண்ணு முத்தல், ஒண்ணுல எறும்பு, ஒண்ணு "பாக்கவே புடிக்கல." செம்பி மடியில மெல்ல மெல்ல பால் சொரந்துச்சு. குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடிச்சுச்சு.

ஒருநாள் பெரிய கடுவன் வந்து முன்னாடி நின்னாரு. "ஏண்டா, கீழ கெடக்கறது உன் வேலையா?"

செம்பி மெல்லறதை நிறுத்திட்டுக் காதைத் தூக்கினா. மானுக்குப் போட்டேன்னு சொன்னா கடுவன் மனசு எறங்கியிருக்கலாம். ஆனா செம்பி அப்புறம் ஒரு இலையையும் தொடமாட்டா. அது கோணவாலனுக்குத் தெரியும்.

"நான்தாங்க. எனக்குக் காம்பு தொண்டையில எறங்கல. நாக்கு மட்டும்தான் நீளம், தொண்டை சின்னது."

பளார்னு ஒரு அறை. "போ. எங்களோட உக்காராத."

மரத்து உச்சியில, இலையே இல்லாத ஒரு பட்ட கொப்புல போய் உக்காந்தான். பேச ஆளில்ல. அதனால சும்மா பாத்துக்கிட்டே இருந்தான். அப்படிப் பாத்தப்போதான் தெரிஞ்சுச்சு: காத்தே இல்ல, காஞ்ச புல்லு மட்டும் ஒரு பக்கமா அசையுது. புலி.

'அக்கா, ஓடு'ன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தான். பயத்துல வார்த்தை வரல. கக், கக்னு இருமல்தான் வந்துச்சு.

செம்பிக்கு அது போதும். ஒரே தாவா தாவினா. பின்னாடியே குட்டியும். பால் குடிச்ச கால், பாறை தாண்டி, ஆத்து மணல் தாண்டி, புலிக்கு எட்டாத தூரம் போயிருச்சு.

பொழுது சாயறப்போ ரெண்டும் திரும்பி வந்துச்சு. செம்பி ரொம்ப நேரம் மேலயே பாத்துக்கிட்டு நின்னா.

"தம்பி, நாளைக்கும் கசக்குமாடா?"

"மழை வர்ற வரைக்கும் கசக்கும்க்கா."

நடுக்கொப்புல இருந்த கடுவன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. ஒரு கொப்பை ஒடிச்சாரு, கடிச்சாரு, மூஞ்சியைச் சுளிச்சாரு. நடிப்பு சுத்தமா வரல அவருக்கு. இருந்தும் கீழ விட்டாரு. பக்கத்துல இருந்தவனும் விட்டான்.

அன்னையிலருந்துதான் மந்திங்க பாதி தின்னு பாதியைக் கீழ போடுதுங்க. மானுங்க அந்த மரத்தடியிலயே மேயுதுங்க. மேல ஒரு இருமல் கேட்டா, ஏன்னு கேக்காம ஓடுதுங்க.