காலியாக விட்ட பாகம்

அந்தக் கடற்கரை ஊரில் உப்புக்காற்று எப்படியென்றால், ஆணியை அடித்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைப்பதற்குள் ஆணி துருப்பிடித்துவிடும். அங்கே முப்பது வருஷம் ரேடியோ பழுதுபார்த்தவர் இன்னாசி. அவர் கைபட்ட ஒரு ரேடியோவில் நாளைய செய்தி இன்றைக்கே வந்தது. கேட்க வந்த கூட்டம் தாங்காமல் அதைத் தூக்கிக் கடலில் போட்டார். அன்றிலிருந்து மீன்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, வலைக்குள் வர மறுக்கின்றன என்று ஊருக்கு இன்னும் அவர்மேல் கோபம்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவர் சீடரானார். குருவின் பெயர் கோமதி. வயது இருபத்தொன்பது.

கோமதி விசைப்படகுகளுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தாள். உள்ளே உள்ளங்கையளவு ஒரு சர்க்யூட் போர்டு, அதை இயக்கும் மென்பொருளாக அதில் லினக்ஸ் ஓடும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும். அந்த போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தை நான்கு பாகமாகப் பிரித்திருந்தாள். முதலாவது, போர்டை எழுப்பிவிட. இரண்டாவதில் லினக்ஸ். நான்காவதில் படகு போன பாதை பதிவாகும். மூன்றாவது காலி.

அந்தக் காலி இடம் இன்னாசிக்கு உறுத்தியது.

மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாள் இருந்தது. முதல் பெட்டி அவருடைய மகன் பெல்சன் போகும் படகுக்கு. போன வருஷம் அந்தப் படகு இரண்டு நாள் எங்கே என்று யாருக்கும் தெரியாமல் கிடந்து, பிறகு வந்தது. அந்த இரண்டு நாள் இன்னாசி நடந்த நடையில் கடற்கரை ஒரு முழம் தாழ்ந்துவிட்டது. இப்போதும் உட்காரமாட்டார். காலையில் ஒரு பாகத்தின் எல்லையைத் தள்ளி வைப்பார். டீ குடிக்கப் போவார். பாதி டீயில் திரும்பி வந்து அதை இழுத்து வைப்பார்.

இரண்டாம் நாள் மூன்றாவது பாகத்தையே எடுத்துவிட்டு, அந்த இடம் முழுவதையும் நான்காவதுக்குக் கொடுத்தார். இனி மகன் போகும் பாதை பத்து விநாடிக்கு ஒருமுறை பதிவாகும். சரிதானே என்று குருவிடம் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"பாகம் பிரிக்க எனக்குத் தெரியாதா, தாயி? நாங்க ஏழு அண்ணன் தம்பி. அப்பா வீட்டைப் பிரிச்சப்ப எனக்குக் கெடச்சது வாசப்படி மட்டுந்தான். அதுலயே பத்து வருஷம் குடும்பம் நடத்தினேன்."

"காலியா ஏதும் விட்டீங்களா?"

"விட்டிருந்தா எவனாவது வந்து உக்காந்திருப்பான்."

கோமதி சிரித்தாள். புது லினக்ஸ் ஒன்றை அந்தப் பெட்டியில் ஏற்றச் சொன்னாள். படகு கடலில் இருக்கும்போதே கரையிலிருந்து இப்படி மாற்றி அனுப்புவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஏற்றினார். மூன்றாவது பாகம் இருந்திருந்தால் புதியது அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அது முழுதாக எழுதி முடியும்வரை பழையது இரண்டாவதில் அப்படியே இருந்திருக்கும். இப்போது போக்கிடமில்லை. பழையதை அழித்து அதன்மேலேயே எழுதத் தொடங்கியது. திரையில் சதவீதம் ஏறியது. பன்னிரண்டு. பதினைந்து.

படகில் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து என்று கோமதி கேட்டாள். பாட்டரியிலிருந்து என்றார். இன்ஜினைக் கிளப்பும்போது எப்படி இருக்கும் என்றாள். விளக்கெல்லாம் ஒருமுறை செத்துப் பிழைக்கும் என்று சொன்னவர், சொல்லி முடித்ததும் திரையைப் பார்த்தார்.

அவள் பெட்டிக்குக் கரண்ட் வரும் வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பிடுங்குங்க, அண்ணாச்சி."

முப்பது.

இன்னாசி பேச ஆரம்பித்தார். எழுதும்போது இன்ஜினைத் தொடமாட்டேன் என்று பெல்சனிடம் சத்தியம் வாங்கிவிடுவதாகச் சொன்னார். புதுப் பாட்டரி மாட்டுவதாகச் சொன்னார். தேவைப்பட்டால் தானே படகில் ஏறி, கரைக்குத் திரும்பும்வரை வயரைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். கோமதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

நாற்பத்தொன்று.

இப்போது பிடுங்கினால் உள்ளே பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. பெட்டி வெறும் டப்பா. கடலில் இப்படி ஆனால் பெல்சன் எங்கே என்று கரைக்கு மறுபடி தெரியாது. ஆயிரம் ரேடியோவின் வயரை யோசிக்காமல் பிடுங்கிய கை, இந்த வயரைப் பெட்டியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தது.

"மனசு வரல, தாயி."

"கடலுக்கு வரும், அண்ணாச்சி."