உருண்டு வந்த எல்லைக்கல்

ரெண்டு ராஜாக்கள் ஒரு மலைக்காக அடித்துக்கொண்டிருந்த காலத்தில், பூமி ஒருநாள் பொறுக்காமல் குலுங்கிவிட்டது. மலை சரிந்தது. இரு பக்கமும் ஊர்கள் மண்ணோடு மண்ணாயின. நம் ராஜா கஜானாவைத் திறந்து கஞ்சித்தொட்டி வைக்கச் சொன்னார். காய்ச்ச வந்தவள் காத்தாயி. கண்காணிக்க வந்தவர் தளவாய் வீரமல்லர்.

"மலைமேல் நட்ட எல்லைக்கல் எங்கே நிற்கிறதோ அதுதான் நம் எல்லை. அதைத் தாண்டி ஒரு அகப்பை கஞ்சி போனாலும் உன் கை இருக்காது" என்றார் தளவாய்.

மறுநாளே எதிரி ஊரான செங்கரையில் அவள் கஞ்சி ஊற்றுவதைக் கையும் களவுமாகப் பிடித்தார். வாளை உருவினார்.

"கல்லைத் தாண்டலையே, எசமான். வந்து பாருங்க."

செங்கரையின் கடைசி வீட்டுக்கும் அப்பால், யானை உயரத்துக்கு நின்றது எல்லைக்கல். எத்தனையோ படைகள் மோதியும் ஒரு சாண் நகராத கல், மலைச்சரிவோடு உருண்டு வந்து, நட்டு வைத்ததுபோல் நிமிர்ந்து நின்றது. காத்தாயி அதைக் கும்பிட்டாள்.

"இது தானா உருண்டு வந்ததுடி! எல்லை பழைய இடம்தான்!"

"சரிங்க எசமான். செங்கரை நம்ம ராஜாவுக்கு வேண்டாம்னு அரண்மனையில நீங்களே சொல்லிடுங்க. நான் அண்டாவை இறக்கிடறேன்."

தளவாய் அரண்மனை இருந்த திசையைப் பார்த்தார். வாள் உறைக்குள் போனது. மெல்லக் கல்லைத் தொட்டார். அந்த நேரம் பூமி மறுபடி அதிர, கல் ஒருமுறை ஆடி நின்றது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஊத்து காத்தாயி, சீக்கிரம் ஊத்து" என்றார். "அது இன்னும் எவ்வளவு தூரம் போகுமோ!"