பறிக்குள் மாட்டிய பிள்ளை

அந்தக் காலத்தில் வாயுள்ள ஜீவன் எல்லாம் பேசும். நண்டும் நம்மைப்போல நேராகத்தான் நடக்கும். அப்போது வாய்க்காலில் ஒரு தாய் நண்டு இருந்தது. ஒருநாள் காலையில் அதன் ஒற்றைப் பிள்ளை பறிக்குள் மாட்டிக்கொண்டது. பறி என்றால் ஈர்க்கால் முடைந்த மீன்பிடிக் கூடை.

அந்தப் பறிக்கு இரண்டு கயிறு. ஒன்று கிழக்குக் கரையில் கொக்குக் கூட்டத்திடம், மற்றது மேற்குக் கரையில் நீர்நாயிடம்.

"இழு, இழு" என்று கொக்கு தன் ஆட்களை ஏவியது.

"என் பறி, என் பறி" என்று நீர்நாய் கத்தியது.

தாய் நண்டு கொக்கிடம் ஓடியது. "அண்ணே, உள்ளே என் பிள்ளை இருக்கு."

"பறி யாருதுன்னு முதல்ல தீரட்டும்மா. பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்துல பேசிக்கலாம்."

நீர்நாயிடம் ஓடியது.

"அழாதே ஆத்தா. இந்தக் கரைக்கு வந்துட்டா உன் பிள்ளை என் வயித்துல பத்திரமா இருக்கும்."

நடு வாய்க்காலில் நின்று தாய் கும்பிட்டது. "சாமி, எந்தப் பக்கம் ஜெயிக்கணும்னு உன்னை வேண்டிக்கிறதுன்னே தெரியலையே."

பறி கிழக்கே நகர்ந்தது. தாய் பதறிப்போய், "நீர்நாயண்ணே, விட்டுடாதீங்க" என்றது. மேற்கே நகர்ந்ததும், "கொக்கண்ணே, பிடிங்க" என்றது. தான் யார் கட்சி என்று அதற்கே புரியவில்லை. யாரும் ஜெயிக்காதவரைக்கும் பிள்ளைக்கு உயிர் இருக்கிறது, அவ்வளவுதான் புரிந்தது. இரண்டு கரையையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும். அதனால் பக்கவாட்டிலேயே போய்ப் போய் வந்தது. பறிக்கு அடியில் கடக்கும்போதெல்லாம் கொடுக்கால் ஒரு ஈர்க்கைக் கத்தரித்தது.

வழியோடு போன ஆமை கேட்டது: "என்னக்கா, ஒரு முடிவுக்கு வந்துச்சா?"

"எங்கே? அங்கே போனா இழுங்குது, இங்கே வந்தா பறிங்குது. இழு, பறி, இழு, பறின்னே கிடக்கு."

பொழுது சாய்கிற நேரம், பறியின் அடி பிய்ந்து பிள்ளை தாயின் முதுகில் விழுந்தது. கரையில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. வெறும் பறியை இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

"நேரா வீட்டுக்கு நட கண்ணு" என்றது தாய்.

"நீ கோணலாப் போறியேம்மா."

தாய் தன் கால்களை நேராகத் திருப்பிப் பார்த்தது. கால் கேட்கவில்லை. பிள்ளையும் அம்மா மாதிரியே நடந்தது.

அன்று முதல்தான் தீராமல் கிடக்கிற காரியத்தை இழுபறி என்கிறோம். நண்டும் அன்று முதல்தான், ஒரு கண் இந்தக் கரையிலும் ஒரு கண் அந்தக் கரையிலுமாகப் பக்கவாட்டில் நடக்கிறது.