முன்பக்கத்துத் தலை

"ஆசானே, நான் கிளம்புகிறேன்" என்றான் லைசோன்.

தோளில் மூட்டை. கையில் உளி. போகிற வழியில் உளியைக் கடலில் எறிந்துவிடப் போவதாகவும் சொன்னான்.

லிக்கியா நாட்டு நாணயச்சாலை அது. ஊர் பேசுவது கிரேக்கம், ஆள்வது ரோம். வெள்ளிக் காசுக்கு அச்சு வெட்டுவதில் மிர்த்தோவை மிஞ்ச ஆள் கிடையாது. சீடன் அவளைவிடப் பத்து வயது மூத்தவன். அதனால் அவனை 'நீர்' என்றுதான் அழைப்பாள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"என்ன ஐயா குறை உமக்கு?"

"காசைப் பாருங்கள். முன்பக்கத்தில் நம் தெய்வம் அப்பல்லோ இருந்தான். இப்போது அங்கே ரோமானியன் தலை. அவன் யாழைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நாம் தோற்றதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லப்போகிற காசு இது. இதற்கா மூன்று வருடம் உங்களிடம் தொழில் கற்றேன்?"

"தலையை வெட்டியது நான்தானே?"

"சுற்றியிருக்கிற எழுத்தை வெட்டியது நான். வெட்கமாக இருக்கிறது."

மிர்த்தோ காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எழுத்து நன்றாக வந்திருக்கிறது" என்றாள்.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தான்.

எதிரே ரோமானிய அதிகாரி நுழைந்தார். மாகாணத்துக்குப் புதியவர். மாதிரிக் காசைப் பார்த்து அவர் சரி என்றால்தான் மற்றதை அடிக்கலாம். பேரரசர் பெயரில் பிழை இருந்தால் முதலில் போவது அவருடைய பதவி.

மிர்த்தோ காசை நீட்டினாள். அதிகாரி தலையைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார். பிறகு எழுத்தைப் பார்த்தார். காசை ஒரு சுற்றுச் சுற்றினார். எதிர்த் திசையில் இன்னொரு சுற்று.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" அவருடைய கிரேக்கம் தட்டுத்தடுமாறியது.

"உங்கள் பேரரசரின் பட்டமும் பெயரும். எங்கள் எழுத்தில்."

"வாசித்துக் காட்டு."

"வெட்டியவர் அதோ போகிறார். அவரைக் கேளுங்கள்."

அதிகாரி காசோடு வாசலுக்கு ஓடினார். "ஐயா! ஐயா, கொஞ்சம் நில்லுங்கள்!"

லைசோன் நின்றான். பேரரசர் என்ற பட்டத்தின் மேல் வேண்டாவெறுப்பாக விரல் வைத்துக் காட்டினான்.

"அவுத்தொக்ரத்தோர்."

அதிகாரியின் நெற்றி வியர்த்தது. "அவுத்... அவுத்தொ... க்ரத்... தொர்."

லைசோன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். மூட்டையை இறக்கித் தரையில் வைத்தான்.

"தொர் இல்லை, தோர். நெடில்" என்றான். "எங்கே, முதலிலிருந்து சொல்லுங்கள்."