மச்சம் கண்ட டாக்டர்

பஞ்சு மில்லில் பொதி சரிந்து விழுந்ததில் சீனியம்மாளின் முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. அவள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். மில் தரப்பில் எலும்பு நிபுணர் டாக்டர் கனகசபாபதி சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"முழுதாக ஒரு மணி நேரம் பரிசோதித்தேன். முதுகில் ஒன்றுமே இல்லை. சுத்த நடிப்பு."

இத்தனை பெரிய நிபுணரிடம் என்ன கேட்பதென்று அவளுடைய வக்கீலுக்குத் தெரியவில்லை. நீதிபதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சீனியம்மாளே கம்பை ஊன்றி எழுந்தாள்.

"என்னையத்தான் பாத்தீகளா ஐயா? வேற யாரும் வந்திருக்கப் போறாக."

"அறிக்கையில் அங்க அடையாளம் குறித்திருக்கிறேன் அம்மா. வலது கைச் சுண்டுவிரலில் மச்சம். என் கண்ணாலேயே பார்த்து எழுதியது."

சீனியம்மாள் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினாள். நான்கு விரல்கள்தான் இருந்தன.

"சுண்டுவிரலை மில்லு மெஷின் தின்னு ஆறு வருசமாச்சு. வேலைக்குச் சேந்தப்ப மில்லு அட்டையில எழுதுன மச்சம் அது."

டாக்டர் மில் வக்கீலைப் பார்த்தார். அவர் கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"என்ன சொல்கிறீர்கள், டாக்டர்?" என்றார் நீதிபதி.

"அவரை ஒண்ணும் சொல்லாதீக ஐயா" என்றாள் சீனியம்மாள். "அந்த அட்டை எழுதுன அன்னைக்கு என் முதுகும் நல்லாத்தான் இருந்துச்சு."

நீதிபதி சிரித்துக்கொண்டே அந்த அறிக்கையை நிராகரித்தார்.