உரம் உள்ளவருக்கே குத்தகை

நெடுங்குளத்தை ஆண்ட இளவழுதி மகாராஜாவுக்கு மனசு தங்கம். புத்தி மட்டும் கொஞ்சம் அவசரம். வேட்டைக்குப் போனவர் மொட்டையாகக் கிடந்த மலையைப் பார்த்துவிட்டு, "இனி காட்டில் ஒரு மரத்தையும் எவரும் வெட்டக் கூடாது!" என்று குதிரைமேல் இருந்தபடியே ஆணை போட்டுவிட்டார். காடு பிழைத்துக்கொண்டது. விறகு விற்றுப் பிழைத்த பெண்கள்தான் தலையில் சுமக்கச் சுமையில்லாமல், வயிற்றுக்குக் கஞ்சியும் இல்லாமல் நின்றார்கள்.

அரண்மனை விகடகவி பிச்சாண்டிக்கு இந்தச் சேதி சோற்றுத் தட்டின் முன்னால் வந்து சேர்ந்தது. சொன்னது அவர் மனைவி வடிவு.

"விறகு கொண்டு வருவாளே உலகாயி, அவ வீட்டுல அடுப்புல பூனை தூங்குது. காட்டைக் காத்த ராஜான்னு நீர் பாட்டுப் பாடி சால்வை வாங்கினீரே, அந்தச் சால்வையைப் பிழிஞ்சா அவளுக்குக் கஞ்சி வருமா?"

சபையில் எல்லாரையும் மடக்குகிற பிச்சாண்டி அன்று மனைவியிடம் மடங்கிப்போனார். மறுநாள் உலகாயியையும் அவள் கூட்டாளிப் பெண்களையும் அழைத்துக்கொண்டு நேராக அரசவைக்குப் போனார்.

உலகாயி கும்பிட்டுவிட்டுத் தைரியமாகவே பேசினாள். "மகராசா, உங்க ஆணை நல்ல ஆணைதான். நாங்க காட்டைக் கேக்கல. ஊர்க் குப்பையைக் கேக்கிறோம். சந்தைக் கழிவு, கோயில் பூ, யானை லத்தி, குதிரைச் சாணம் எல்லாம் ஏரிக்கரையில வீணா அழுகுது. அந்தக் குப்பைக் கிடங்கைக் குத்தகைக்குக் குடுங்க. குழி வெட்டி, மக்க வெச்சு, எருவாக்கி உழவர்களுக்கு விப்போம். ஏரியும் சுத்தமாகும், எங்க வயிறும் நிறையும்."

அரசர் தலையாட்டப் போனார். அமைச்சர் வீரபத்திரர் துள்ளி எழுந்தார். ஏன் துள்ளமாட்டார்? குப்பைக் குத்தகை அவருடைய மைத்துனர் கையில் இருந்தது. குப்பையை அள்ளக் கஜானாவில் கூலி வாங்கிக்கொண்டு, அள்ளியதை ஏரியோரம் கொட்டிவிட்டுப் போவதுதான் மைத்துனர் பார்த்த வேலை.

"மகாராஜா! மலை மாதிரி குப்பை! பெண்கள் பூப்போன்றவர்கள். இதற்கெல்லாம் உரம் வேண்டும், உரம்!" என்று அமைச்சர் தன் தோளைத் தட்டிக் காட்டினார்.

'உரம்' என்ற சொல் காதில் விழுந்ததும் பிச்சாண்டிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மேல்துண்டை வாயில் அடைத்து அடக்கிக்கொண்டார். பிறகு பரம சாதுவாக எழுந்தார்.

"அமைச்சர் சொல்வது வேதவாக்கு. இரண்டு தரப்பில் யாரிடம் உரம் அதிகமோ, அவர்களுக்கே குத்தகை என்று அறிவித்துவிடுங்கள், மகாராஜா. தைப் பொங்கல் கழிந்ததும் அரண்மனை முற்றத்தில் வந்து காட்டட்டும்."

விகடகவி தன் பக்கம் பேசுகிறாரே என்று அமைச்சருக்கு வாயெல்லாம் பல். அரசரும் சம்மதித்தார். "உரம் அதிகம் உள்ளவருக்கே குப்பைக் குத்தகை!" என்று தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள்.

வெளியே வந்ததும் உலகாயி பிடித்துக்கொண்டாள். "என்ன சாமி, கூட்டி வந்து கழுத்தறுத்துட்டீரே! நாங்க ஆம்பளைங்களோட மல்லுக்கட்டவா?"

பிச்சாண்டி அவள் காதருகே ஏதோ சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் வாசல் காவலன் ஈட்டியைக் கீழே போட்டான்.

அதன் பிறகு மைத்துனர் வெளியூர்களிலிருந்து மல்லர்களை வரவழைத்து ஆடும் கோழியுமாக ஊட்டினார். பெண்கள் போய், "ஐயா, கொஞ்சம் குப்பை அள்ளிக்கிடலாமா?" என்று கேட்டார்கள். தன் வேலை மிச்சம் என்று, "தாராளமா அள்ளுங்க தாயி!" என்றார் அவர். மல்லர்கள் சாப்பிட்ட இலைகளும் எலும்புகளும்கூடப் பெண்களின் குழிக்கே போயின. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் அவர்கள் குழிகளைக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். பிச்சாண்டிக்கோ உள்ளுக்குள் உதறல். எரு மக்காமல் நாறினால் தன் பெயரும் சேர்ந்து நாறுமே!

தை பிறந்தது, பொங்கலும் கழிந்தது. முற்றத்தில் ஊரே கூடியது. மல்லர்கள் பாறாங்கல்லைத் தூக்கினார்கள், இரும்புக் கம்பியை வளைத்தார்கள். மைத்துனர் மீசையை முறுக்கினார்.

"பெண்கள் தரப்பு?" என்றார் அரசர்.

கோட்டைக் கதவு திறந்தது. வண்டிக்குப் பின்னால் வண்டியாக வந்துகொண்டே இருந்தது. அமைச்சர் அவசரமாக மூக்கைப் பொத்தினார். பொத்தியது வீண். புதுமழை விழுந்த மண்வாசனைதான் வந்தது. கறுத்து, உதிர்ந்து, மாவு மாதிரி இருந்ததைக் கையில் அள்ளிப் பார்த்த பிச்சாண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இது என்ன?" என்றார் அரசர்.

"உரம், மகாராஜா! அந்தப் பக்கம் பார்த்தால் ஒரு கூடைகூடக் காணோம்" என்றார் பிச்சாண்டி.

"அநியாயம்!" என்று கத்தினார் அமைச்சர். "நான் சொன்னது உடல் உரம்!"

"தண்டோராவில் உரம் என்றுதானே சொன்னார்கள்? உடல் எங்கே வந்தது? சரி, அமைச்சர் மனம் நோக வேண்டாம். உழவனைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வோம். ஒரு வயலில் உலகாயியின் உரத்தைப் புதைப்போம். பக்கத்து வயலில் மைத்துனரின் உரத்தைப் புதைப்போம். எதில் நெல் விளைகிறதோ அவர்களுக்கே குத்தகை. யாரங்கே! மல்லர்களின் அளவுக்குக் குழி வெட்டுங்கள்!"

மல்லர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த கணம் வளைத்த கம்பியைப் போட்டது போட்டபடி கோட்டை வாசலை நோக்கி ஓட்டம் பிடித்தார்கள். மைத்துனரும் பின்னாலேயே ஓடினார்.

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிடங்கையும் ஏரிக்கரை நிலத்தையும் பெண்கள் பெயருக்கே பட்டயமாக்கி, அரண்மனைத் தோட்டங்களுக்கு இனி அவர்களிடம்தான் எரு வாங்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். பிச்சாண்டிக்குப் பொற்கிழி கிடைத்தது.

"தாயே, இன்னும் ஏதாவது வேண்டுமா?" என்று உலகாயியைக் கேட்டார் அரசர்.

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"குழி கிளற ஆள் பத்தல, மகராசா. ஓடுற அந்தத் தம்பிங்களைக் கூப்பிடச் சொல்லுங்க. நல்ல கூலி தர்றோம். பயப்படாம வரட்டும், புதைக்க மாட்டோம்!"