இடது முறுக்கு

செண்பகவல்லிக்கு வயது முப்பத்து நான்கு. அவளிடம் வெள்ளி வேலை கற்றுக்கொண்டிருந்த இன்னாசிக்கு நாற்பத்தெட்டு. கடைத்தெரு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துபோயிருந்தது. குரு சீடனை "அண்ணே" என்பாள். சீடன் குருவை "அம்மா" என்பார். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

இன்னாசி கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கரையேற்றும்போது படகு சரிந்து வலது முழங்கால் நசுங்கிவிட்டது. கால் போனாலும், முப்பது வருடம் வலை பின்னிய விரல்கள் சும்மா கிடக்க மாட்டேன் என்றன. செத்துப்போன அப்பாவின் பட்டறையைத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்த செண்பகவல்லியிடம் ஒருநாள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"எனக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுப்பீங்களா?"

அவள் இரண்டு கம்பிகளை நீட்டினாள்.

"முறுக்குங்க."

அவ்வளவுதான் தீட்சை. வெள்ளியைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவதோடு சரி, பொடி வைத்துப் பேசத் தெரியாதவள் அவள்.

இன்னாசி முதன்முதலாக முழுசாகச் செய்து முடித்தது ஓர் அரைஞாண் கொடி. மருமகன் சூசைக்காகச் செய்தது. இரண்டு வெள்ளிக் கம்பிகளைச் சேர்த்து முறுக்க வேண்டும். அந்தக் கடைத்தெருவில் எல்லா ஆசாரிகளும் வலப்பக்கம்தான் முறுக்குவார்கள். வலைக்கயிறு முறுக்கிப் பழகிய இன்னாசியின் கை இடப்பக்கமாகப் போய்விட்டது. முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"தப்பாப் போச்சும்மா. உருக்கிரட்டுமா?"

செண்பகவல்லி கொடியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"நல்ல பிடிப்பா இருக்கு. விடுங்கண்ணே. இது உங்க கை."

அதற்குப் பிறகு அவர் வலப்பக்கம் முறுக்கப் பழகிக்கொண்டார். இடது முறுக்கில் அவர் செய்தது அந்த ஒரு கொடிதான்.

ஐப்பசியில் புயல் வந்தது. சூசை போன படகு திரும்பவில்லை. ஐந்து ஊர்களில் பதினேழு பேரைக் காணோம். பதினோராம் நாள் வடக்கே ஓர் உடல் ஒதுங்கியது. முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. இடுப்பில் ஒரு வெள்ளிக் கொடி மட்டும் இருந்தது.

ஐந்து ஊர்ப் பெண்களும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று பார்த்தார்கள். இன்னாசியின் மகள் உபகாரியும் போனாள். சூசையின் மனைவி அவள். கொடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது அவரோடது இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். முழங்காலைக் காரணம் காட்டி இன்னாசி போகவில்லை. அவருக்கு இருந்தது பயம்.

மறுநாள் காலையில் ஏட்டு பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பாலித்தீன் பை.

"ஆறு பட்டறை ஏறி இறங்கிட்டேன் ஆசாரியம்மா. எல்லாரும் எங்க வேலை இல்லைங்கிறாங்க. நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லிருங்க."

உப்புத் தண்ணீரில் கிடந்த வெள்ளி கறுத்துப்போயிருந்தது. செண்பகவல்லி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே இன்னாசிக்கு முறுக்கு தெரிந்தது. இடப்பக்க முறுக்கு.

"இது என் கை இல்ல," என்றாள் செண்பகவல்லி. "இந்தப் பட்டறையில இன்னொரு கை இருக்கு. அவரைக் கேளுங்க."

கொடி இன்னாசியின் கைக்கு வந்தது. கொக்கியை ஒட்டி ஓரிடத்தில் பொடி கூடுதலாகிக் கட்டி தட்டியிருந்தது. அவருடைய கட்டைவிரல் நேராக அங்கே போய் நின்றது. அவருக்குள்ளே ஒருத்தன் "சூசை, சூசை" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"நான் செஞ்சது இல்லைங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன். இல்ல."

ஏட்டு கொடியை வாங்கிப் பைக்குள் போட்டு மடித்தார்.

"அப்ப இது அநாதைப் பொணம்தான். இனிமே வச்சிருக்க முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு முனிசிபாலிட்டி ஆளுங்க எடுத்துப் புதைச்சிருவாங்க."

ஏட்டு போன பிறகு, குரு திட்டுவாள் என்று இன்னாசி காத்திருந்தார். அவள் ஊதுகுழலை எடுத்து விட்ட இடத்திலிருந்து ஊத ஆரம்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். உபகாரி வாசலிலேயே நின்றாள். பதினொரு நாளில் பாதியாக இளைத்திருந்தாள்.

"ஏட்டையா கடைத்தெருவுல கொடியக் காட்டி விசாரிக்கிறாராமே. உங்ககிட்டயும் வந்தாராப்பா?"

"வந்தாரு."

"என்ன சொன்னீங்க?"

"நம்ம வேலை இல்லைன்னேன்."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். பிறகு அழுகையோடு சிரித்தாள்.

"நேத்து எனக்குச் சரியாத் தெரியலப்பா. கறுத்துப்போய்க் கெடந்துச்சு. அவருதுதான்னு மனசு அடிச்சுக்கிச்சு. வாய் இல்லைன்னு சொல்லிருச்சு. பொய் சொல்லிட்டு வந்துட்டோமோன்னு பொட்டுத் தூக்கம் இல்ல."

இன்னாசி கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அவரு கொடியச் செஞ்சது நீங்க. நீங்களே இல்லைன்னுட்டீங்க. இனி எனக்கென்ன பயம்?"

பதினொரு நாளுக்குப் பிறகு அன்றுதான் உபகாரி தட்டில் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டாள். சாப்பிட்ட கையோடு பெட்டியைத் திறந்து சூசையின் நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

"எதுக்கும்மா இப்ப அதைத் துவைக்கிற?"

"வந்தா மாத்திக்கத் துணி வேணும்லப்பா."

இன்னாசி தன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள் சாப்பிட்டாளே என்று சந்தோஷப்படப் பார்த்தார். முடியவில்லை. அவளுக்கு வயது இருபத்திரண்டு. இன்னும் எத்தனை வருடத்துக்கு அந்தச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார்.

செண்பகவல்லி ஒரு மெட்டியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"செஞ்சவன் இல்லைன்னு சொன்னா என்ன கெட்டுப்போச்சு? செத்தவனை எங்க புதைச்சா அவனுக்கென்ன தெரியப்போவுது? உசுரோட இருக்கிறவ நம்பிக்கிட்டே இருந்துட்டுப் போகட்டுமே."

அவள் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து இன்னாசியின் மடியில் பிரித்துவைத்தாள். எப்போதோ ஒரு வியாபாரி மாதிரிக்கென்று கொடுத்துவிட்டுப் போன மிஷின் கொடிகள். முப்பது இருக்கும்.

"இதுல ஒண்ணை எடுத்து, யாரு செஞ்சதுன்னு சொல்லுங்க."

அவர் ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முறுக்கைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். கட்டைவிரல் எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"எப்பிடிம்மா சொல்றது? இதுல யாரு கையும் இல்லையே."

"இல்லதான்."

"அப்புறம் ஏன் கேக்குறீங்க?"

"இதைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் கடல்ல போனா, ஏட்டு எந்தப் பட்டறைக்கும் வர மாட்டாரு. ஒருத்தரையும் ஒண்ணும் கேக்க மாட்டாரு. நாளையிலேர்ந்து இதை வித்துக்கங்கண்ணே. நீங்க கம்பி முறுக்க வேணாம். இதுதான் உங்களுக்குத் தோது."

அவள் குரலில் கோபம் இல்லை. கஸ்டமருக்கு அளவு சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் இன்னாசிக்குக் கன்னத்தில் வாங்கிய மாதிரி இருந்தது. அவள் மறுபடி உட்கார்ந்து அரத்தை எடுத்துக்கொண்டாள். மணி மூன்று அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

இன்னாசி அந்தக் கொடிகளை ஒன்றொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் வைத்து, மடித்து, அவள் பக்கமாகத் தள்ளினார்.

"ஆஸ்பத்திரிக்கு உபகாரியையும் கூட்டிக்கிட்டுத்தான் போகணும்."

"ஆமா."

கம்பை ஊன்றி எழுந்தார். வாசல்படி வரை போனவர் திரும்பி நின்றார்.

"கூப்பிட்டதுமே கேப்பாம்மா. காலையில ஏன் இல்லைன்னு சொன்னீங்க, ஏன் என்னைச் சாப்பிட வச்சீங்கன்னு கேப்பா. என் மூஞ்சியப் பாத்துக் கேப்பா. அப்ப நான் என்னம்மா சொல்லுவேன்?"

செண்பகவல்லி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"கேக்கட்டும்ணே. செஞ்ச ஆளுகிட்டத்தானே கேக்க முடியும்."